அக்கரையார் தெரு

29 ஜூலை, செவ்வாய்

ஊர் வரலாற்றில் ஒரு தெருவின் பெயரைத் தவறாக எழுதிவிட்டேன். அதன் பெயர் வேலந்தோப்புத் தெரு. நான் அக்கரையார் தெரு என்று எழுதியிருக்கிறேன். டீக்கடையிலும், நான் பில் போடும் உரக்கடையிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதுதான் பெயர் என்று நினைத்தேன். அப்பாவின் வேலைக்காகச் சேலத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குள் புளியந்துறை எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்ததும் தவறுதான்.

எழுதச் சொன்னவர் சபரிநாதன் சார். நூலகத்தின் பின்னறையில் அரசுத் தேர்வுக்கு மாலை வகுப்பு எடுக்கிறார். நில அமைப்பு, வரலாறு, மக்கள் என்று பிரித்து எழுதினேன். காவிரி ஊரைத் தொட்டுக் கிழக்கே போவது, வடகரைப் படித்துறை, அதற்கு மேல் கரும்பும் வாழையும். அதைப் படித்துறையில் பலகையாக வைக்க முடிவு செய்தார்கள். செலவு ஊர்ப் பெரியதனக்காரர் நாச்சிமுத்து ஐயாவுடையது. ஆடிப் பதினெட்டுக்கு முன் பலகை நிற்க வேண்டும்.

இன்று வகுப்பின் நடுவில் வேலந்தோப்புத் தெருக் கண்ணாத்தாள் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

“எந்தப் புள்ள எழுதுனது?”

எழுந்து நின்றேன்.

“நாங்க அக்கரையாருன்னு உனக்கு ஆரு சொன்னது? பரிசல்ல ஏத்தி நீ கொண்டாந்து உட்டியா?”

“எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க.”

“எல்லாருஞ் சொன்னா எழுதிப்போடுவியா? உன்ற பேரு அக்சிலியாவாமா. உரக்கடையில ஆக்சிலேட்டருங்கறாங்க. அதையும் எழுதிக்கோ.”

பின்பெஞ்சில் சிரித்தார்கள்.

பலகை வேலையைப் பற்றிப் பேச வந்திருந்த நாச்சிமுத்து ஐயா கதவோரம் உட்கார்ந்திருந்தார். “எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும் அம்மிணி. நீ ஒண்ணும் பொய் எழுதல,” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணாத்தாளைப் பார்த்தார். “அக்கரையாருன்னா அக்கரையில போயி முளைப்பாரி உடுங்க. வருசா வருசம் எங்க படித்துறையில எதுக்கு வந்து முட்டிக்கறீங்க?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போன ஆடியில் அந்தத் தெருப் பெண்களை முளைப்பாரியோடு மேல்படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். ஊர்க்காரர்கள் யாரும் இறங்கலாம் என்று இந்த ஆண்டு பேச்சாகியிருக்கிறது. அவர்கள் ஊர்க்காரர்களே இல்லை என்பதற்கு என் பலகை சாட்சியாக நிற்கப் போகிறது.

“எம் மருமக வயித்துப் புள்ளையோட முளைப்பாரி போட்டிருக்கறா,” என்றார் கண்ணாத்தாள். “அவளப் பாலத்தச் சுத்தி அக்கரைக்கு அனுப்பறதா?”

சார் சமாதானம் பேசினார். “அக்கரையார் என அழைக்கப்படும் தெருன்னு போட்டுரலாமுங்க.”

“அழைக்கறது ஆரு? அந்தப் பேரையும் போடுங்க.”

நானும் சும்மா இருந்திருக்கலாம். நில அமைப்புக்காக ஊர்ப்படம் வரைந்தபோது பார்த்ததைச் சொன்னேன்: ஊருக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது, தோண்டினால் ஆற்றுமணல் வருகிறது, முன்பு ஆறே அங்கு ஓடியிருக்கலாம். அவர்கள் ஆற்றைக் கடந்து வரவில்லை, ஆறுதான் இடம் மாறியது என்று சொல்ல வந்தேன்.

“கேட்டுக்குங்க,” என்றார் நாச்சிமுத்து ஐயா. “நடுவுல ஆறு இருந்தா அது அக்கரைதான. புள்ளையே சொல்லுது.”

“அதுக்கில்லைங்க ஐயா, பேரை மாத்திடறேன்.”

“மாத்துவியா? உங்கப்பன் குடியிருக்கறது என்ற மச்சான் ஊட்டுல. நெனப்பிருக்கட்டும்.”

கண்ணாத்தாளும் எனக்காக இரங்கவில்லை. “உன்ற பள்ளமும் வேண்டாம், மேடும் வேண்டாம். பேர மட்டும் மாத்து. நீதான எழுதுன,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாள் ஏற்கெனவே பெயிண்டரிடம் போய்விட்டது என்று சார் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். “வேற வீடு பாக்கணுமா பாப்பா?” என்று மட்டும் அப்பா கேட்டார். இதை எழுத உட்கார்ந்தேன். ஆறு எங்கே ஓடியது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெருவின் பெயர் தெரியும்.

நாளைய வேலை: கடை திறப்பதற்கு முன் பெயிண்டர் அறிவின் பட்டறைக்குப் போக வேண்டும். தாளில் அக்கரையார் தெரு என்பதை அடித்து வேலந்தோப்புத் தெரு என்று எழுத வேண்டும். அவர் பலகையில் அந்த வரியை எழுதி முடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.