புதுச்சத்திரத்தில் கொதிக்கும் வண்டி

அசாருதீன் மச்சானின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் காலையில் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும்போது சமர்த்தாகப் போகும். சாயங்காலம் திரும்பும்போது புதுச்சத்திரம் வந்ததும் கொதிக்கும். அதே ரோடு, அதே வண்டி, அதே டிரைவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மச்சான் என் லாத்தா, அதாவது அக்கா ஷாசியாவின் புருஷன். துபாயிலிருந்து லீவில் வந்தவர். அண்ணாமலை நகரில் ஒரு கோர்ஸ் படிப்பதாகவும், முடித்ததும் பெரிய போஸ்டில் மறுபடி வெளிநாட்டு சஃபர் என்றும் சொல்லிக்கொண்டு தினமும் காரில் போய் வந்தார். வண்டிக்கு வேகம் கூட்ட டர்போ போட்டு, அது அனுப்பும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டியது நான்தான். மஞ்சக்குப்பத்தில் பட்டறை திறந்த பிறகு வந்த முதல் பெரிய வேலை. ஊரில் கார் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் இந்த வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது சொதப்பினால் என் பெயர் போச்சு.

முதல் தடவை கொதித்தபோது, காற்று ஓரமாகத் தப்பிக்கிறது என்று நினைத்து, இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பக்கவாட்டில் தகடும் ஃபோமும் வைத்து அடைத்தேன். சில நாள் ஜில்லென்று ஓடியது. பிறகு மறுபடி கொதித்தது. காற்று போதவில்லை என்று பம்பரின் வாயை அகலமாக்கி, முன்னால் இருந்த வலையையும் பிடுங்கிப் போட்டேன். முன்பைவிட ஜாஸ்தியாகக் கொதித்தது. எஞ்சினை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஃபேன் சுற்றும்படி வயரிங்கை மாற்றினேன். இன்னும் மோசம். நான் நல்லது செய்யச் செய்ய அது கெட்டுப்போனது. ஆத்திரத்தில் ஸ்பானரை வீசி என் கால் கட்டைவிரலைப் பதம் பார்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் மச்சானும் லாத்தாவும் வந்து இறங்கினார்கள்.

"இன்னைக்கு நீ சரி பண்ணலன்னா நாளைக்கு வண்டி பாண்டி பட்டறைக்குப் போவுது" என்றாள் லாத்தா. "ஏற்கெனவே இவர் சட்டையத் தொவச்சி என் கையெல்லாம் அரிப்பு. படிக்கிற எடத்துல என்னா இருக்குமோ! இதுல இந்த வண்டி வேற."

தன் காரையும் என்னிடம் விடலாமா என்று யோசித்தபடி பழனிவேல் என்ற இன்னொரு கார்க்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் எதிரில் இந்தப் பேச்சு வேறு. வந்த கோபத்தில் நானே வைத்த தகட்டை நெம்பி, ஃபோமைப் பிய்த்து எறிந்தேன்.

பொலபொலவென்று கொட்டியது. உமி.

இன்டர்கூலருக்கு அடியில் இருந்த சந்தில் நுழைந்த உமி, வெளியே போக வழியில்லாமல் ரேடியேட்டர் முகம் முழுக்க அப்பியிருந்தது. காற்று எங்கிருந்து போகும்? காலைக் குளிரில் எப்படியோ தாக்குப்பிடித்த வண்டி சாயங்கால வெக்கையில் கொதித்துவிட்டது. சரி, அண்ணாமலை நகரில் ஏது உமி? கிளாஸ் ரூமிலா நெல் குத்துகிறார்கள்? கேட்கத்தான் வாயைத் திறந்தேன். மச்சான் முகம் வெளுத்திருந்தது. அவர் உமியைப் பார்க்கவில்லை, லாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரிக்கிற சட்டை. ரைஸ் மில் வாசலில் நிற்கும் வண்டி. நிறுத்திய பிறகும் சுற்றி, பறக்கிற உமியையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்ட என் அருமையான ஃபேன்.

"என்னாடா கொட்டுது?" என்றாள் லாத்தா.

"ஃபோம் லாத்தா. நான் வச்சது மட்டமான சரக்கு, பொடிஞ்சி அடைச்சிக்கிச்சி. என் வேலதான் தப்பு."

பழனிவேல் கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெதுவாக நழுவினார். லாத்தா என்னை வாயார வைதுவிட்டு, ஜூஸ் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனாள்.

மச்சான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உமியைக் கையால் கூட்டினார். "துபாய் வேல போயிடுச்சி ஆசிக். காட்டுமன்னார்கோயில் மில்லுல சூப்பர்வைசரா இருக்கேன். பஸ்ல போனா ஊருக்கே தெரிஞ்சிடும். அவகிட்ட சொல்ல வாய் வரல."

எனக்கு அழுகையாக வந்தது. கழற்றிப் போட்ட வலையைத் தேடி எடுத்து, பம்பர் வாயில் வைத்து முடுக்கினேன். "உமி பறக்குற பக்கம் மூஞ்சிய வச்சி நிறுத்தாதீங்க மச்சான். திருப்பி நிறுத்துங்க."

லாத்தா வந்தாள். மச்சானின் சட்டைக் கையில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டாள். உடனே விரல் அரித்தது. சொறிந்தபடி தரையில் கிடந்த குவியலைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள்.

"காலேஜ்ல கேன்டீன் இருக்குன்னீங்க, நானும் சோறு கட்டல" என்றாள். "நாளையிலேர்ந்து கட்டித் தரேன். மில்லுல என்னா கெடைக்கும்?"

லாத்தா ஜூஸை மச்சான் கையில் திணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஃபோமாம், ஃபோமு" என்றாள்.