இரண்டு கண்ணுக்கான படம்

கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி வந்தபோது பிரியந்தினி வவுனியாவில், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தனியே இருந்தாள். கணினிப் பார்வை ஆய்வாளர்கள் உலகெங்குமிருந்து கூடுகிற மாநாடு. அந்த முறை சியோலில். பேராசிரியைக்குக்கூடச் சொல்லாமல் முதலில் யதுர்ஷனுக்குத்தான் அழைத்தாள். அவன் நெடுங்கேணியில் கணிதம் படிப்பிக்கிறவன். வகுப்பு நேரத்தில் போன் எடுக்காதவன் அன்றைக்கு எடுத்தான். செய்தியைச் சொன்னாள். அவன், "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னான்.

மூக்குக் கண்ணாடி எதுவும் போடாமலே படத்தை ஆழத்தோடு காட்டுகிற திரை அவளுடையது. சாதாரணக் கணினித் திரைக்கு முன்னால் மெல்லிய வில்லைக் கோடுகள் பதித்த ஒரு தாள். அதனூடாகப் பார்க்கும்போது இடது கண்ணுக்கு ஒரு படமும் வலது கண்ணுக்கு இன்னொரு படமும் போய்ச் சேரும். இரண்டையும் மூளை ஒன்றாக்கும்போது கடல் பின்னுக்குப் போகும், வள்ளம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். ஆழம் கூடினால் தலையிடிக்கும், குறைந்தால் படம் தட்டையாகிவிடும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பதைக் கணிக்கிற முறைதான் அவளுடைய ஆய்வு.

அந்தத் திரைக்கு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தவன் யதுர்ஷன். அதைவிடப் பெரிய உதவியும் செய்தான். பார்த்துப் பார்த்துத் தன் கண் பழகிவிட்டது, இனி அதை நம்ப ஏலாது என்று அவள் நினைத்த நாளிலிருந்து அவன்தான் அவளுக்குப் பார்த்துச் சொன்னான். "இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வரலாம்" என்பான். அவள் மாற்றுவாள். "இப்ப சரி" என்பான். அவள் அந்த இடத்தில் நிறுத்துவாள். கணக்கு அவளுடையது, நிறுத்திய இடங்கள் அவன் சொன்னவை.

பிறகு வேறு ஆட்களையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டிக் கருத்துக் கேட்டாள். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு சோதனை வைத்தாள். யதுர்ஷனுக்கு வைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த காலம் தொட்டுத் தெரிந்தவன், கலியாணம் பேசி முடித்தவன், அவனை உட்கார்த்திக் கண் சோதிப்பதா? எல்லோரும் சோதனையில் தேறியவர்கள் என்றே கட்டுரையில் எழுதினாள். பார்த்தவர்களில் சிலர் தலை கனக்கிறது என்றார்கள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். யதுர்ஷனுக்கு ஒருநாளும் கனத்ததில்லையே.

கலியாணம் அவள் சியோலிலிருந்து வந்த பிறகு என்று முடிவாகியிருந்தது. அதுவும் லேசில் நடக்கவில்லை. அவளுடைய அப்பா யோசெப், கொக்கிளாயில் கடற்தொழில் செய்கிறவர், கத்தோலிக்கர், மாதா கோவிலில் பூசை தவறாதவர். யதுர்ஷன் வீட்டுக்காரர் சைவர்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் காணியாக்கியவர்கள். யோசெப் ஒரு வருசம் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே, மாப்பிள்ளைக்குக் கணவாய்க் கறி பிடிக்குமா என்று கேட்டார்.

மாநாட்டில் திரையை நேரிலும் காட்ட வேண்டும் என்றார்கள். கொண்டுபோகத் தோதாகச் சின்னத் திரை ஒன்றை ஒரு சனிக்கிழமை நெடுங்கேணி வீட்டில் வைத்துப் பொருத்தினார்கள். கொக்கிளாய்க் கரையில் அவள் எடுத்த படத்தை ஏற்றினாள். முன்னால் ஒரு வள்ளம், பின்னால் களப்பு நீர், அதற்கும் பின்னால் வானம். யதுர்ஷனைக் கதிரையில் இருத்திவிட்டு, கீழே கிடந்த வயர்களை ஒதுக்கிக்கொண்டே எப்படி என்று கேட்டாள்.

"வள்ளம் நல்லா முன்னுக்கு வருது. முந்தியதவிட இது திறம்."

அவள் எழும்பி வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கண் வலித்தது. வள்ளம் குழிக்குள் விழுந்ததுபோலப் பின்னுக்குக் கிடந்தது, வானம் முன்னுக்குத் துருத்திக்கொண்டு நின்றது. அவசரத்தில் இடதுகண் படத்தையும் வலதுகண் படத்தையும் மாற்றி ஏற்றியிருந்தாள். இரண்டு கண்ணும் உள்ளவர்கள் அதை ஒரு நிமிசம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பகிடி விடுகிறானாக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவளுடைய வேலையில் அவன் பகிடி விடுகிறவன் இல்லை. படத்தை எடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு வைத்த சோதனைப் படத்தைச் சரியாகப் போட்டாள். திரை முழுக்கச் சாம்பல் நிறப் புள்ளிகள். இரண்டு கண்ணும் சேர்ந்தால் அதற்குள்ளிருந்து ஒரு சதுரம் எழும்பி வரும், சேராவிட்டால் வெறும் புள்ளிதான்.

"என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

அவன் திரையைப் பார்த்தான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தான். இவ்வளவு காலமும் விடைகளை அவன் எங்கிருந்து எடுத்தான் என்பது அந்தப் பார்வையில் அவளுக்கு விளங்கிவிட்டது.

"வட்டம்" என்றான்.

அவள் கிட்டப் போய் அவனுடைய வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். மற்றக் கையின் விரல்களை அவன் முன்னால் பிடித்தாள். விரல்களை இப்படியும் அப்படியும் அசைத்தாள், திறந்திருந்த கண் அவற்றின் பின்னால் போகவில்லை. கைக்குள் அவனுடைய இமை துடித்தது. இடது கண் ஒரு தழும்புமில்லாமல், தெளிவாக, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

தேத்தண்ணியோடு குசினியிலிருந்து வந்த அவனுடைய அம்மா சுப்பம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அவன விட்டுடும்மா," என்றாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நாந்தான் சொல்லி வச்சேன்."

பிறகு சுப்பம்மா நிலத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். யுத்தம் முடிகிற நேரம் யதுர்ஷன் சின்னப் பையன். பக்கத்தில் ஷெல் விழுந்ததில் இடது கண்ணுக்குள் ஏதோ பட்டது. பெரிதாக இரத்தமும் இல்லை. மூத்தவன் கிருசாந்தனுக்குத் தோளில் காயம். சனத்தோடு சனமாக வெளியே வந்தபோது காயப்பட்ட பொடியன்களை ஆமிக்காரர் தனியாகப் பிரித்தார்கள். மருந்து கட்டத்தான் என்று சொல்லி, கிருசாந்தனையும் சேர்த்து ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த பஸ் எங்கே போனது என்று இன்று வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அன்றைக்கே அவள் சின்னவனிடம் சொல்லிவிட்டாள், யார் கேட்டாலும் ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுதுன்னு சொல்லு என்று. அகதி முகாமில் டொக்டர் இருந்தார். ஒருதரம் மகனைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றவள், பயத்தில் பாதியிலேயே திரும்பிவிட்டாள்.

பிரியந்தினியின் குடும்பம் அந்த மாதங்களில் திருகோணமலையில் இருந்தது. அவள் அதையெல்லாம் கேள்விப்பட்டவள், பட்டவள் அல்ல. சுப்பம்மாவின் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். யதுர்ஷனிடம்தான் கேட்டாள்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாம்தானே?"

"முதல் நாள் நீர் அவ்வளவு சந்தோசமா 'தெரியுதா, தெரியுதா' எண்டு கேட்டனீர். ஓம் எண்டு சொல்லிப்போட்டன். பிறகு எப்பிடி மாத்துறது?"

வவுனியாவுக்குத் திரும்பிக் கணக்குகளைத் திருப்பிப் பார்த்தாள். யதுர்ஷனுடைய பதில்களை மட்டும் நீக்கிவிட்டுப் போகலாம் என்று பேராசிரியை சொல்லிப் பார்த்தார். ஆனால் எவ்வளவு ஆழம் வைப்பது என்று அவன் சொல்லி நிறுத்திய இடங்களில்தான் முழு ஆய்வும் நின்றது. மற்றவர்களுக்குத் தலை கனத்ததும் அதனால்தான். போதாததற்கு, எல்லோரையும் சோதித்தேன் என்று அவள் எழுதியதும் பொய். மாநாட்டுக்காரருக்குக் காரணத்தை எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். அனுப்பிவிட்டு மேசையில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தாள்.

செய்தி கேள்விப்பட்டு யதுர்ஷன் அன்று பின்னேரமே பஸ் ஏறி வந்தான். பல்கலைக்கழக வாசலில், மரத்துக்குக் கீழே, சேர்ட் வேர்வையில் நனைய நின்றான்.

"என்னாலதானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்து, அவனுக்கு எது வேண்டுமோ அதைச் சொல்ல அவளால் அன்றைக்கு முடியவில்லை.

"ஓம்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கோபிக்கவில்லை. அவள் சாப்பிட்டாளா என்று விசாரித்தான். அதற்குப் பிறகு அவனுடைய அழைப்புகள் குறைந்தன, பிறகு நின்றன. கலியாண நாளைப் பிற்போட்டார்கள். அடுத்த தை மாதம் அவன் பூநகரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஒரு வருசம் முகம் கொடுக்காத யோசெப்தான் இப்போது, "நீ போய்க் கூட்டிக்கொண்டு வா பிள்ளை" என்றார். அவள் போனாள். பரந்தனில் பஸ் மாறி, வெயிலில் காய்ந்து போய் இறங்கினாள். யதுர்ஷன் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தான். கடையில் சோடா வாங்கிக் கொடுத்தான். புதிதாக என்ன செய்கிறாள் என்று கேட்டான், கேட்டதை உண்மையாகவே கவனித்தான். அவள் வந்த காரணத்தைச் சொன்னபோது அவளிடமிருந்து வெறும் போத்தலை வாங்கிக் கடையில் வைத்துவிட்டு வந்தான்.

"நீர் ஒரு சீலை கட்டிக்கொண்டு வந்து நிக்கிறீர். நான் வடிவா இருக்கு எண்டு சொல்லுறன். இனி நீர் நம்புவீரோ?"

உடனே ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் யோசித்தாள். அந்த யோசனையை அவன் பார்த்துவிட்டான். பஸ் வந்ததும் கையைக் காட்டி மறித்து, அவளை ஏற்றி, யன்னல் பக்கத்து இருக்கையைத் தானே பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினான்.

ஆய்வை அவள் முதலிலிருந்து செய்தாள். புதிய ஆட்கள், ஒவ்வொருவருக்கும் கண் சோதனை. முறை முந்தி நினைத்த அளவுக்குத் திறமில்லை என்று தெரிந்தது. அதையும் அப்படியே எழுதினாள். அடுத்த வருசம் பாங்கொக்கில் நடந்த ஒரு சிறிய மாநாட்டில் இடம் கிடைத்தது. பெரிய மண்டபத்தின் மூலையில் அவளுக்கு ஒரு மேசை தந்தார்கள். ஆட்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். கொக்கிளாய் வள்ளத்தைத் தொட்டுப் பார்க்கிறவர்கள்போலக் கையை நீட்டிவிட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் தலை கனக்கவில்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. சுப்பம்மா. கலியாணம் நின்ற பிறகு அவள் ஒருதரமும் அழைத்ததில்லை.

யதுர்ஷன் போன கிழமை தானாகவே கண் ஆஸ்பத்திரிக்குப் போனானாம். கண்ணை நன்றாகச் சோதித்துப் பார்த்த டொக்டர், அடிபட்ட புதிதில் யாராவது பார்த்தார்களா என்று கேட்டாராம். அதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்று வீட்டுக்கு வந்த மகன் சொல்லவில்லை. எவ்வளவு கேட்டும் ஒன்றுமில்லை என்கிறான்.

"நீ படிச்சவம்மா, கண்ணப் பத்தியே படிச்சவ," என்றாள் சுப்பம்மா. குரல் உடைந்து உடைந்து வந்தது. "அன்னைக்கு நான் அந்த வரிசையில நின்னிருந்தா, எம்புள்ள கண்ணு பொழச்சிருக்குமா?"

உள்ளே விழித்திரை கழன்றிருந்தால், உடனே கொண்டுபோயிருந்தால், சில வேளை காப்பாற்றியிருக்கலாம். பிரியந்தினிக்கு அது தெரியும்.

"இல்லை அம்மா," என்றாள். "அண்டைக்கே காட்டியிருந்தாலும் ஒருத்தராலயும் ஒண்டும் செய்திருக்க ஏலாது."

"நெசமாத்தான் சொல்றியா?"

"ஓம் அம்மா. உண்மையாத்தான்."

அந்தப் பக்கம் சுப்பம்மா அழுதுகொண்டே, நல்லா இரும்மா, நல்லா இரு என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மேசைக்கு முன்னால் ஒரு ஜப்பானியப் பெண் வந்து, கழுத்தில் பெயர் அட்டை ஊசலாட, படத்தைப் பார்க்கலாமா என்று சைகையால் கேட்டாள். பிரியந்தினி தலையசைத்துவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.