முதல் ஒரு விநாடி

போனில் வேலையில்லாத நேரத்தில் மைக்கைத் தூங்கவைக்கும் நிரல் நான் எழுதியது. பேட்டரி மிச்சம். ஆனால் மைக் கண்விழிக்க ஒரு விநாடி பிடிக்கும். அதற்குள் பேசியது பதிவாகாது. சோதனைப் பிரிவுப் பெண் மூன்று முறை புகார் எழுதினாள்.

"ஒரு வார்த்தை போனா குடி முழுகிப் போயிடுமா?" என்று மூன்றையும் மூடினேன்.

அந்த போனைத்தான் அம்மாவுக்குப் பெருமையாகக் கொடுத்தேன். தினமும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். நான்தான் பெரிய துரையாச்சே, அதையெல்லாம் கேட்க நேரம் ஏது? எப்போதாவது ஒன்றைப் பாதி கேட்பேன்.

அம்மா இறந்துபோன மறுவாரம் தங்கை வந்தாள். "எதுக்கெடுத்தாலும் 'டேய் மண்டு'ன்னுதானே உன்கிட்ட ஆரம்பிப்பா. அதை ஒரு தடவை போடுண்ணா."

நானூற்றுப் பன்னிரண்டு மெசேஜையும் வரிசையாகப் போட்டேன். "சாப்டியா?" "மாத்திரை வாங்கிட்டேன்." "வேலையா இருக்கியா? சரி, அப்புறம் பேசு." எதிலும் மண்டு இல்லை.

தங்கைக்குக் கண் கலங்கியது. "ஏண்ணா, உன்மேல கோவமா இருந்தாளா? ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடலயே."

"நானூத்திப் பன்னெண்டு தடவை கூப்பிட்டிருக்கா," என்றேன்.