வாசனையில்லாத வில்லன்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அறியாமையில் பிறந்தது. படகிலேயே குடியிருக்கும் ஒரு தம்பதியைப் பற்றி எழுத உட்கார்ந்து, முதல் வரியை இப்படி வைத்தேன்:

"கார்பன் மோனாக்சைடின் நெடி மூக்கைத் துளைக்க, அவள் திடுக்கிட்டு—"

என் அண்ணிக்குப் படகுகளைப் பாதுகாப்புச் சோதனை செய்யும் வேலை. படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "தம்பி, அதுக்கு வாசனையே கிடையாது. நெடி அடிச்சா எனக்கு எதுக்குச் சம்பளம்?"

ஆளையே கொல்லும் விஷவாயு; ஆனால் வாசனை இல்லை, நிறம் இல்லை. இப்படியொரு வில்லனை வைத்துக்கொண்டு எவன் கதை எழுதுவான்? "என்கூட வந்து பாரு," என்றார். போனேன்.

2

இரண்டாம் தொடக்கம்: "படகு அமைதியாக மிதந்தது." (வேறென்ன செய்யும்? அடித்துவிட்டேன்.)

மூன்றாவது, நடந்தது நடந்தபடியே. சனிக்கிழமை மதியம். பத்தே எட்டு எடுத்து வைத்தால் முடிந்துவிடும் படகு. அதற்குள் கட்டில், அடுப்பு, தையல் இயந்திரம். இயந்திரம் படகுக்காரரின் மனைவியுடையது. மூன்று மாதமாக, மதியமானால் ஊசியில் நூல் கோக்க முடியாத தலைவலி அவருக்கு. கண்ணாடியை இரண்டு முறை மாற்றியாயிற்று. "ஜன்னலைத் திறந்து வை, நல்ல காத்து வரட்டும்" என்பது வேலைக்குக் கிளம்பும் கணவர் தினமும் சொல்லும் வைத்தியம்.

படகுக்காரரை முட்டாளாக நினைத்துவிடாதீர்கள். (முதல் பிரதியில் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். தப்பு.) அந்த வாயு கசிந்தால் கத்துவதற்கென்று மாட்டிய அலாரத்தின் பொத்தானை வாரம் தவறாமல் அழுத்திப் பார்த்து, நாட்காட்டியில் குறித்தும் வைக்கிற மனுஷர். அன்றும் அழுத்திக் காட்டினார். காது கிழிந்தது.

"கேட்டீங்களா மேடம்? கணீர்னு இருக்கு."

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. மூக்கு இருக்கான்னு பாக்கலாம்."

அண்ணி அலாரத்தைக் கழற்றிக் கரைக்கு எடுத்துப்போனார். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, சோதனை வாயுவைப் பீய்ச்சினார். காத்திருந்தோம். அது வாயே திறக்கவில்லை. பின்பக்கம் பார்த்தால், மாற்ற வேண்டிய ஆண்டு போய் மூன்று வருடம். பொத்தான் சோதிப்பது பேட்டரியையும் ஒலியையும் மட்டும்தான். படகுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது.

3

புது அலாரம் மாட்டினோம். அண்ணி படிவத்தை நிரப்பி முடிப்பதற்குள் அது அலறத் தொடங்கியது.

"எல்லாரும் வெளிய வாங்க!"

கரையில் நின்றபடி படகுக்காரர் பொரிந்தார். "அடுப்பு எரியல, எஞ்சின் ஓடல. புது சரக்கே கோளாறு. போய் பேட்டரியக் கழட்டிட்டு வந்துடறேன்."

"உள்ள போகாதீங்க!" மனைவியின் குரல் அலாரத்தையும் தாண்டிக் கேட்டது. "மூணு மாசமா என் தலை சொன்னத, இது இப்பதான் சொல்லுது."

இந்த வரிக்காக நான் ஒரு மாதம் தவமிருந்தாலும் வந்திருக்காது. பொறாமையோடு சேர்த்துக்கொள்கிறேன்.

அப்போதுதான் பார்த்தோம். பக்கத்துப் படகு, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற, தினமும் மதியம் எஞ்சினை ஓட விடுமாம். கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் யார் காதிலும் ஏறவில்லை. அதன் புகைக்குழாய் நேராக நோக்கியிருந்தது, நல்ல காற்றுக்காகத் திறந்து வைத்த அந்த ஜன்னலை.

தையல்கார அம்மா விறுவிறுவென்று நடந்து போய்ப் பக்கத்துப் படகின் கூரையைத் தட்டிய தட்டில் எஞ்சின் நின்றது. திரும்பி வந்தவர் நடையைப் பார்க்க வேண்டுமே! கோப்பை வாங்கியவர்கள்கூட அப்படி நடந்ததில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டினேன்.

4

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருந்தன.

(அ) அலாரம் மாட்டத் தாமதமாகி, ஒரு மதியம் அவள் தையல் இயந்திரத்தின்மேல் சாய்ந்தபடியே— (சோகமாக முடித்தால்தான் மதிப்பு என்று எனக்கு ஒரு நினைப்பு.)

(ஆ) அலாரத்தைப் பற்றிய ஒரு நீளமான அறிவுரை.

இரண்டையும் அந்த அம்மாவிடமே காட்டினேன். பாதி தைத்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாகப் படித்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, அ-வை நறுக்கி எறிந்தார்.

"ஆ-வையும் வெட்டிடவா?"

"வெட்டுங்கம்மா."

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. அவரை என்ன செய்யலாம் என்பது இனி உங்கள் பாடு. சாகடிப்பதாக இருந்தால் மட்டும், நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மதியத்தில் போங்கள்; இப்போதெல்லாம் முழு உற்சாகத்தில் இருக்கிறார்.