இருபது நிமிஷ ஊரில் ஒரு சுரங்க ரயில்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை ஒரு சலவைக் கடைச் சுவரில் பிறந்தது. எங்கள் அமெரிக்க ஊரான ராச்செஸ்டரில், துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு மேலே, யாரோ ஒரு சுரங்க ரயில் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். சிவப்பு, பச்சை, ஊதாத் தடங்கள். என் தெருவுக்கும் ஒரு நிறுத்தம்! பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஊரில் சுரங்க ரயில் நின்றுபோய் ஏறக்குறைய எழுபது வருஷம் ஆகிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

வரைந்தது யாரென்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கதை போய்விடும். வரைந்தவளாக வாண்டா என்று ஒருத்தியை நானே உண்டாக்கிக்கொண்டேன்.

2.

முதல் தொடக்கம்: "பிராட் தெருவுக்குக் கீழே, இருட்டில், தண்டவாளங்கள் பெருமூச்சு விட்டு..."

வேண்டாம். தண்டவாளம் பெருமூச்சு விடாது. தவிர, அதை எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டாம் தொடக்கம்: பல்செட் செய்து பிழைக்கும் வாண்டா நோவிட்ஸ்கி, தன் சமையலறை மேசையில், காகிதத்தில், ஊருக்கு ரயில் விட்டுக்கொண்டிருந்தாள். தம்பி ஜெரி எதிரே உட்கார்ந்து, அவள் பொரித்த வெள்ளை சாசேஜைத் தின்றுகொண்டே நக்கலடித்தான்.

"அதெப்படிக்கா எல்லா ரயிலும் உன் வீட்டு வாசல்லயே நிக்குது?"

"வாசல்ல இல்லடா, தெருமுனையில."

(எங்கள் ஊரில் இப்படி வரைபடம் போடுகிறவர்கள் நிறையப் பேர். தன் வீட்டருகே நிறுத்தம் வைக்காத ஒருவரையும் நான் கண்டதில்லை. கோயிலைக் கட்டுகிறவன் தன் பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்வதில்லையா?)

"யாரு ஏறப் போறா? நீயும் உன் பூனையும்."

"வயித்தெரிச்சல் புடிச்சவனே, உன் வீட்டுக்கும்தான் நிறுத்தம் போட்டிருக்கேன். பாரு!"

ஜெரி தாளை மூக்கு வரைக்கும் கொண்டுபோனான். "எழுத்து பொடிசா இருக்கு" என்று கீழே வைத்தான்.

[ஜெரி மேல் எனக்கே சந்தேகம். முதல் வரைவில் அவன் வெறும் கேலிக்காரன். பிறகு, ஏன் இவன் இப்போதெல்லாம் பேருந்தில் வருகிறான் என்று கேட்டுப் பார்த்தேன். பார்வை மங்கிவிட்டது. ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அக்காவிடம் மட்டும், "வண்டி பட்டறையில இருக்கு" என்று பனிக்காலம் முழுக்கச் சமாளித்துவருகிறான். ரோஷக்காரன்.]

3.

எஞ்சியிருக்கும் சுரங்கத்தை மண்ணடித்து மூடலாமா என்று ஒரு பொதுக்கூட்டம் (கூட்டமும் என் கற்பனைதான்). மூடிவிட்டால் வாண்டாவின் ரயில் காகிதத்தோடு சரி.

வாண்டா மைக்கைப் பிடித்தாள். "கால்வாயத் திருப்பி விட்டாங்களா, காஞ்ச பள்ளத்துலயே ரயில் விட்டாங்க நம்ம பெரியவங்க. பெரிய பெரிய ஊர்க்காரனே யோசிச்ச காலத்துல, இத்தனூண்டு ஊர்ல! எதையும் வீணாக்கத் தெரியாத ஊருங்க இது."

இதை எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சபை அசைந்துகொடுத்தது. கூட்டத் தலைவர் மட்டும் சிரித்தபடி கேட்டார்:

"நல்லாப் பேசினீங்கம்மா. வெளியூர்க்காரங்க கேட்டா, நம்ம ஊரைப் பத்தி முதல்ல என்ன சொல்வீங்க?"

இதற்கு ராச்செஸ்டர்க்காரர் எல்லாருக்கும் ஒரே பதில்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். வாண்டாவுக்கும் வந்தது.

"எங்க போகணும்னாலும் இருபதே நிமிஷம்தாங்க!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. நானும் பேனாவை வைத்துவிட்டுத் தட்டினேன்.

"அப்புறம் ரயில் எதுக்கும்மா?" என்றார் தலைவர்.

நுணலும் தன் வாயால் கெடும். வாண்டா வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

4.

முடிவு அ: ரயில் வருகிறது, பேண்ட் வாத்தியம் முழங்க... நானே நம்பவில்லை. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: லாரி வருகிறது, சுரங்கத்தில் மண்... கை ஓடவில்லை.

முடிவு இ: பின்வரிசையில் ஜெரி எழுந்திருக்கிறான்.

"உக்காருடா" என்று சீறினாள் வாண்டா. "இங்கயும் நக்கலா? என் மானத்த வாங்காத."

"சும்மா இரு, அக்கா. கார் ஓட்டுறவனுக்குத்தான் அந்த இருபது நிமிஷம்."

முன்னால் வந்தான். மைக்கைத் தேடிய அவன் கை, அது இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. வாண்டா பார்த்துவிட்டாள். எழுந்து போய், மைக்கை அவன் கைக்குள் வைத்தாள்.

அவன் என்ன பேசினான் என்று மூன்று விதமாக எழுதிக் கிழித்துப் போட்டேன். மூன்றிலும் அவன் கெஞ்சினான். பார்வை மங்கிய ஒருவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ரயில் விட்டார்களாம்! அப்படிப்பட்ட ரயில் எங்கள் ஊருக்கு வேண்டாம்.

வாசகரே, இனி உங்கள் பாடு. சுரங்கத்தைத் திறந்து வைப்பதும் மூடுவதும் உங்கள் விருப்பம். ஜெரியை மட்டும் கெஞ்ச விடாதீர்கள். அவன் எங்கள் ஊர்க்காரன்.