சாருவுக்கு வந்த புது லேப்டாப்

ஞாயிற்றுக்கிழமை காலை சாய்நாத் சாப்பாட்டு மேஜையில் புது லேப்டாப்பை வைத்தபோது, அவன் மனைவி சாருலதாவின் கண் முதலில் தேடியது பழையதைத்தான்.

"அதை எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேன் சாரு. உன்னோடது எல்லாம் இதுல மாத்தியாச்சு. பாஸ்வேர்டும் நானே போட்டுட்டேன். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், பிந்தாஸா, கவலையில்லாம இரு."

முந்தின நாள் அவன் லேப்டாப் கடையிலிருந்து போன் செய்து பழைய பாஸ்வேர்டைக் கேட்டிருந்தான். ரிப்பேருக்குத்தான் என்று நினைத்து, அடை மாவுக் கையோடு சொல்லிவிட்டாள்.

கல்யாணமாகி மும்பை மாட்டுங்காவுக்கு வருமுன், டீச்சர் வேலையின் முதல் சம்பளத்தில் வாங்கிய லேப்டாப் அது. கீல் உடைந்து, சுவரில் சாய்த்தால்தான் நிற்கும். மிக்ஸி மாதிரி கத்தும். ஆனாலும் அந்த வீட்டில் அவளுக்கு மட்டுமே திறக்கத் தெரிந்த ஒரே பொருள் அதுதான். அழுகை வந்தது. பரிசு கொடுத்தவனிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது?

"கேக்காமயே வாங்கித் தரான். அதிர்ஷ்டக்காரிடி நீ" என்றாள் மாமியார் ஷ்யாமளா.

சாய்நாத் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சாரு அன்றே உஷாராகியிருப்பாள். திங்கட்கிழமை அவள் யாரிடமும் சொல்லாமல், முழங்கால் வலிக்கு என்ன செய்வது என்று லேப்டாப்பில் தேடிப் பார்த்தாள். சாயங்காலம் அவன் களிம்போடு வந்தான். உருகிப் போனாள்.

புதன்கிழமை தோழி சைனபுக்கு எழுதிய மெயிலில் மாமியாரைப் பற்றி இரண்டு வரி புலம்பினாள். இரவு ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே, "அம்மாவைப் பத்தி வெளில எழுதாதே சாரு, நன்னா இல்லை" என்றான் சாய்நாத். சாரு மேஜையில் இருந்த அவன் போனை எட்டிப் பார்த்தாள். அவள் மெயில் அதிலும் திறந்திருந்தது. பாஸ்வேர்டை மாற்றப் போனால், ஓடிபி அவன் போனுக்குத்தான் போயிற்று. அதன் பிறகு எழுதி எழுதி அழித்தாள். தேட நினைத்ததையும் தேடவில்லை. தன் வீட்டிலேயே அவளுக்கு மூச்சு முட்டியது.

மறுவாரம் சைனப் கூப்பிட்டாள். "டோம்பிவிலி ஸ்கூல்ல உனக்காக எவ்வளவு சொல்லி வெச்சேன்! நாளைக்கு இன்டர்வியூ, வரலைன்னு மெயில் போட்டுட்டியாமே?"

சாரு ஓடிப்போய்ப் பார்த்தாள். அவள் பெயரில், அவள் எழுதுவது போலவே பணிவாக ஒரு மெயில் போயிருந்தது. குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லையாம். எட்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, இப்போதுதான் கைக்கு எட்டிய டீச்சர் வேலை.

"தினம் அந்த லோக்கல் ரயில் கூட்டத்துல நீ இடிபடணுமா? உன் நல்லதுக்குத்தான் எழுதினேன்" என்றான் சாய்நாத், அன்று மாலை.

"காலம்பற கூட்டமெல்லாம் இந்தப் பக்கம் வர்ற ரயில்லதான், டோம்பிவிலி பக்கம் போற வண்டி காலியாத்தான் போகும். எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!" அவள் குரல் உடைந்தது. "அதை எழுதினது நான் இல்லைன்னு நீங்களே ஸ்கூலுக்குச் சொல்லுங்கோ. இப்பவே."

"பாஸ்வேர்டை உங்கிட்டயே குடுத்துடறேன். விட்டுடு."

"அதையும் குடுங்கோ. முதல்ல போன் பண்ணுங்கோ."

ஷ்யாமளா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாய்நாத் பள்ளி முதல்வரை அழைத்தான். "மேடம், அந்த மெயிலை என் வைஃப் எழுதலை. நான்... நான்தான் எழுதினேன்." சொல்லி முடிப்பதற்குள் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. மறுமுனையிலிருந்து, உங்கள் மனைவியை நாளை பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

போனை வைத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "நல்லதுக்குத்தானே பண்ணினேன்? பின்ன ஏன் அதை வெளில சொல்ல இப்படிக் கூசறது?"

"நல்லதுன்னா எங்கிட்ட கேட்டுட்டே பண்ணியிருப்பேள்" என்றாள் சாரு. "ஒருத்தர் எழுதறதை அவாளுக்குத் தெரியாம படிக்கறதும், அவா பேர்ல முடிவெடுக்கறதும் பாசமே இல்லை. கட்டின பொண்டாட்டிகிட்ட பண்ணினாலும் அது திருட்டுதான்."