கெரெருவின் எடைக்கல்

லொபேட்டி அறையில் இருந்தால் கருவி சரியாக எடை காட்டியது. அவன் வெளியே போனால் பிசகியது.

இதை வாய்விட்டுச் சொல்ல மெரேனியாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆய்வகத்தை நடத்துகிறவள் அவள். ஆள் பார்த்து வேலை செய்கிறது இயந்திரம் என்று யாரிடம் போய்ச் சொல்வாள்?

கருவி ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். மூலக்கூறுகளை எடை போடும் தராசு. ஆய்வகத்தில் எல்லோரும் அதைக் கெரெரு என்றே கூப்பிட்டார்கள். ஆக்லாந்தின் மேற்கு மலைக்காட்டில் பழம் தின்றுவிட்டுக் கிளையில் சாய்ந்து கிடக்கும் குண்டுப் புறாவின் பெயர் அது. கருவியும் குண்டு. உள்ளிருந்து புறாவைப் போலவே ஒரு முனகல் வந்துகொண்டிருக்கும். அதே காட்டில் கவுரி மரங்கள் வேரழுகிச் சாகின்றன. மரம் வாடத் தொடங்குமுன் இலைச்சாற்றில் ஏதாவது மாறுகிறதா என்று தேடுவதுதான் மெரேனியாவின் வேலை. அந்தத் தேடலுக்கு அவளிடம் இருந்த ஒரே கண் கெரெரு.

போன மாதம் அதைப் பழைய கட்டடத்தின் நிலவறையிலிருந்து புதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். புது அறை பளிங்கு போல இருந்தது. காற்று கரி வடிகட்டி வழியாகத்தான் உள்ளே வரும். வந்த வேகத்தில் வெளியேறியும் விடும். மெரேனியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நிலவறையில் அவள் பட்ட பாடெல்லாம் அழுக்கோடுதான். யாரோ பூசிய க்ரீம், யாரோ அடித்த சென்ட், எல்லாம் கெரெருவின் திரையில் வந்து நிற்கும். அதனால் முதல் நாளே கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினாள். சென்ட், கைக்கு க்ரீம், டியோடரன்ட் எதுவும் போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது. அவளும் எல்லாவற்றையும் விட்டாள்.

அதன் பிறகுதான் கெரெரு பிசகத் தொடங்கியது.

"பழம் தின்னுட்டு போதையில கிடக்குக்கா," என்றான் லொபேட்டி. டோங்காக்காரன், ஆறடிக்கு மேல் உயரம், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். முனைவர் பட்டம் வாங்கிவிட்டு அவளிடமே ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தான்.

"போதையில இருந்தா காலைல தெளியணும்ல? இது காலைல சரியா இருக்கு, மத்தியானம் தள்ளாடுது."

துறையின் கருவிகளுக்கெல்லாம் பொறுப்பாளரான ஷோனாவுக்கு இந்தப் பேச்சு ரசிக்கவில்லை. புது அறைக்குப் போட்டி நிறைய இருந்தது. அவர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்:

"வெள்ளிக்கிழமை காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஓட்டுங்க, மெரேனியா. பத்து லட்சத்துல ரெண்டு பங்குக்கு மேல எடை பிசகக்கூடாது. பிசகிச்சுன்னா வயசாயிடுச்சுன்னு அர்த்தம். கழிச்சுக்கட்டிட்டு, உங்க இலையெல்லாம் மெல்போர்னுக்கு அனுப்பிடலாம்."

மெல்போர்னில் நல்ல கருவிகள் இருந்தன. ஆனால் திரையில் பெயர் தெரியாத மூலக்கூறு ஒன்று சிகரமாக எழும்போது, நீ யார் என்று அங்கேயே அடுத்த கேள்வி கேட்க முடியாது. உறைந்த குப்பியை அனுப்பிவிட்டு எண்களுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் மெரேனியா இந்த வேலைக்கே வந்தாள்.

அவள் பம்பைப் பார்த்தாள். மின்சாரத்தைப் பார்த்தாள். மதியத்துக்கு மேல் சன்னலில் வெயில் இறங்குகிறது என்று திரை போட்டாள். கொஞ்சம் தேவலை என்றானதே தவிரப் பிசகு போகவில்லை. எடை பார்க்க அவள் வைத்திருந்தது கஃபீன். அதன் எடை உலகத்துக்கே தெரியும். கெரெருவுக்கு மட்டும் தெரியவில்லை.

திங்கட்கிழமை மதியம் லொபேட்டி மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனபோது, திரையில் கஃபீனின் எடையைக் காட்டும் கோடு மெல்ல மேலே ஏறியதை அவள் கண்டாள். அவன் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்ததும் கோடு இறங்கி நேரானது. தற்செயல் என்று நினைத்தாள். செவ்வாயும் அதுவே நடந்தது.

புதன்கிழமை அவள் கூச்சத்தை விட்டாள்.

"லொபே, கொஞ்சம் வெளிய போ."

"இப்பத்தானக்கா உள்ள வான்னீங்க?"

"இப்ப வெளிய போங்கறேன்."

போனான். கோடு ஏறியது. கண்ணாடிக் கதவைத் தட்டி உள்ளே கூப்பிட்டாள். இறங்கியது. மறுபடி அனுப்பினாள்.

"என் பொண்டாட்டிகூட என்னை இப்படி விரட்டினதில்லக்கா," என்றான் கதவுக்கு வெளியிலிருந்து.

"உன் எடை எவ்வளவு?"

"சர்ச்சுல கூட யாரும் இப்படி நேராக் கேக்க மாட்டாங்க."

"தரை சாயுதான்னு பாக்கணும்டா. சொல்லு."

சொன்னான். சொன்னதில் கொஞ்சம் குறைத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. இருவரும் தண்ணீர்க் கேன்களைச் சுமந்துவந்து அவன் நாற்காலியிலும் அதைச் சுற்றியும் அடுக்கினார்கள். அவனை வெளியே நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கெரெரு கேனுக்கு ஏமாறவில்லை. உடம்புச் சூடாக இருக்குமோ என்று அலுவலக ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். பிசகு அதிகமாயிற்று.

"அப்ப என் அழகுதான் காரணம்," என்றான் லொபேட்டி. "வெள்ளிக்கிழமை பூரா நான் நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேன். பாஸ் ஆயிடும். விடுங்கக்கா."

"ஏன்னு தெரியாம பாஸ் ஆனா, சனிக்கிழமை நீ இல்லாதப்ப என்ன பண்றது?"

"சனிக்கிழமை நாம வேலைக்கே வர மாட்டோமே."

அவள் சிரிக்கவில்லை. காற்றை உள்ளிழுக்கும் கருவியின் வாய்க்கு அருகே அவனை உட்காரச் சொன்னாள். பிறகு அறையின் மூலைக்குப் போகச் சொன்னாள். அருகே இருந்தால் கோடு நேர், மூலையில் இருந்தால் லேசான தள்ளாட்டம். ஆக, பாரமும் இல்லை, சூடும் இல்லை. அவனிடமிருந்து ஏதோ ஒன்று கிளம்பிக் காற்றில் வருகிறது. போகப் போகக் குறைகிறது.

"என்ன சாப்பிட்ட?"

"காலைலயா? ரொட்டி. நேத்து மிச்சம் இருந்த டாரோ கிழங்கு." லொபேட்டியின் குரல் இறங்கியது. பொதுவாகக் கேள்விக்கு மேல் கேள்வி கேட்கிறவன், அன்று தலையைக் குனிந்துகொண்டிருந்தான். "அக்கா, நான் வேணா வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு வரட்டுமா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

மெரேனியா அவனைப் பார்த்தாள். பிறகு திரைக்குத் திரும்பினாள்.

இத்தனை நாளும் அவள் கஃபீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அதை விட்டுவிட்டுத் திரையின் அடிப்பகுதியைப் பார்த்தாள். யாரும் பார்க்காத குப்பை இருக்கும் இடம் அது. லொபேட்டி அருகில் இருந்தபோது எடுத்த பதிவில், எடை நானூற்று நாற்பத்தைந்துக்குப் பக்கத்தில் மெல்லிய ஒரு சிகரம் நின்றது. அவன் வெளியே இருந்தபோது எடுத்ததில் அந்த இடம் மொட்டையாக இருந்தது. நிலவறையில் எடுத்த பழைய பதிவு ஒன்றைத் திறந்தாள். அங்கே அதே இடத்தில் அது பனைமரம் போல நின்றது.

அதை அவளுக்கு நன்றாகத் தெரியும். சிலிக்கான் கலந்த ஒரு பொருள். க்ரீமிலும் டியோடரன்டிலும் வழுவழுப்புக்காகச் சேர்ப்பது. மனிதர்கள் இருக்கும் எந்த அறையின் காற்றிலும் மிதக்கும். எத்தனையோ வருடமாக அவள் திட்டித் தீர்த்த அழுக்கு.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பழைய ஞாபகம் வந்தது. கெரெரு வந்த புதிதில், அதன் மென்பொருளில் ஒரு கட்டத்தை அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். காற்றில் எப்போதும் இருக்கும் இந்த அழுக்கின் எடை முன்பே தெரிந்ததுதான். ஒவ்வொரு முறை எடை போடும்போதும் அதை ஒருதரம் பார்த்துக்கொள், பிசகியிருந்தால் திருத்திக்கொள் என்று சொல்லும் கட்டம். ஆய்வகங்களில் எல்லோரும் செய்வதுதான். செய்துவிட்டு எல்லோரும் மறந்துவிடுவதும்தான். அழுக்கு கிடைக்காவிட்டால் கருவி கத்தாது. போனால் போகிறது என்று தன்பாட்டில் ஓடும்.

மளிகைக்கடைத் தராசில் கறுத்துப்போய்க் கிடக்கும் எடைக்கல்லை, அசிங்கமாக இருக்கிறதே என்று தூக்கி எறிந்தாற்போல் அவள் செய்திருந்தாள். கரி வடிகட்டி பாதியைச் செய்தது. மீதியைக் கதவில் ஒட்டிய காகிதம் செய்தது.

"லொபே," என்றாள், திரும்பாமலே. "எந்த டியோடரன்ட்?"

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"நீலக் கலர் டப்பா. சூப்பர் மார்க்கெட்ல தள்ளுபடில போட்டிருந்தான்." அவன் முகம் காதுவரை சிவந்திருந்தது. "அறிவிப்பைப் பாத்தேன்க்கா. மூணு நாள் போடாமத்தான் வந்தேன். ஆனா காலைல ரக்பி ஆடிட்டு நேரா இங்க வர்றேன். என் உடம்பு பெருசு. அந்த வேர்வையோட உங்க பக்கத்துல உக்கார எனக்கு வெக்கமா இருந்துச்சு. கொஞ்சமாத்தான் போட்டேன், சத்தியமா. நான்தான் மெஷினைக் கெடுத்துட்டேனா?"

"இல்லடா. நான்தான் கெடுத்தேன். நீ தாங்கிப் பிடிச்சிட்டு இருந்திருக்க."

அவனுக்குப் புரியவில்லை. அவள் திரையைக் காட்டி விளக்கினாள். அவன் இரண்டு சிகரங்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சட்டைக்குள் மூக்கை நுழைத்து ஒரு தடவை முகர்ந்துகொண்டான்.

"அப்ப இந்த வாரம் பூரா கெரெரு என் கக்கத்தைப் பாத்துத்தான் எடை போட்டுச்சா?"

அந்த வாரத்தில் மெரேனியா அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை ஷோனா வந்தபோது, கெரெருவின் வாய்க்குக் கீழே, மூடி திறந்த ஒரு நீல டப்பா நின்றுகொண்டிருந்தது. லொபேட்டி அறையில் இல்லை. அவனை வேண்டுமென்றே வெளியே அனுப்பியிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடைபாதையில் தேநீர்க் கோப்பையோடு அவன் நடந்துகொண்டிருந்தான்.

"அது என்ன?" என்றார் ஷோனா.

"டியோடரன்ட்."

ஷோனா கதவில் இருந்த அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெரேனியாவைப் பார்த்தார். மறைக்கலாம் என்ற எண்ணம் மெரேனியாவுக்கு வரவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் ஒட்டிய அறிவிப்பைச் சொன்னாள். தான் மறந்த கட்டத்தைச் சொன்னாள். தண்ணீர்க் கேன்களைக்கூடச் சொன்னாள்.

"ஒரு அழுக்கை நம்பியா எடை போடறீங்க?"

"இத்தனை வருஷமும் அதை நம்பித்தான் போட்டிருக்கோம். தெரியாம போட்டோம். இப்ப தெரிஞ்சு போடறோம். கொஞ்ச நாள் குடுத்தீங்கன்னா, நாமளே ஒரு சுத்தமான பொருளை அளவா உள்ள விடற மாதிரி மாத்திடுவேன். அதுவரைக்கும் டப்பா."

ஷோனா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காலை முழுவதும் கோடு நேராகப் போயிற்று. மதியம் அவர் சாண்ட்விச்சை நடைபாதையில் நின்றே தின்றுவிட்டுத் திரும்பி வந்தார். வெயில் சன்னல் திரையைத் தாண்டி உள்ளே கசிந்தது. கோடு அசையவில்லை. சாயங்காலம் வரை அசையவில்லை.

"சரி. வயசாகல," என்றார் ஷோனா. "இங்கயே இருக்கட்டும்."

மெரேனியா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் லொபேட்டி கட்டைவிரலை உயர்த்திக் கேட்டான். அவள் தலையசைத்தாள்.

ஷோனா எழுந்து போகவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ துழாவினார். சின்ன க்ரீம் டியூப் ஒன்று வந்தது.

"இதுல இருக்குமா அது?"

"இருக்கலாம். போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

மெரேனியா நீல டப்பாவை மூடி வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அடியில் நின்ற சிகரம் சுருங்கிச் சுருங்கி மறையும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு ஷோனா க்ரீமைப் புறங்கையில் தடவி, குழந்தை நாய்க்குட்டியிடம் நீட்டுவதுபோலக் கையைக் கெரெருவின் வாயருகே நீட்டினார்.

இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள்.